புளி போட்டுத் துலக்கிய தோட்டாக்கள்

எங்கள் வீட்டுச் சமையலறைத் தொட்டிக்குப் பக்கத்தில் மூன்று சோப்புகள் இருக்கின்றன. ஒன்று பாத்திரத்துக்கு. ஒன்று வருகிறவர்கள் கை கழுவ. மூன்றாவது ஆரஞ்சு வாசனை போட்ட பெரிய குப்பி. அது மளிகைக் கடையில் கிடைப்பதில்லை. தூண்டில், கூடாரத் துணி, துப்பாக்கி எல்லாம் ஒரே கூரையின் கீழ் விற்கிற கடையிலிருந்து என் வீட்டுக்காரர் வாங்கி வந்தது. கையில் ஒட்டிய ஈயத்தை எடுக்கும் என்று அதன் மேல் எழுதியிருக்கிறது. எங்கள் வீட்டில் இப்போது ஈயம் இல்லை. எட்டு மாதமாக இல்லை. ஆனாலும் அரிசி களைவதற்கு முன் ஒரு தடவை, களைந்த பிறகு ஒரு தடவை, சோற்றில் கை வைப்பதற்கு முன் ஒரு தடவை என்று அந்தக் குப்பியை அமுக்கிக்கொண்டே இருக்கிறேன். விரல் இடுக்கெல்லாம் தோல் வெடித்துவிட்டது. உப்புப் பட்டால் எரிகிறது. எரிந்தால் கொஞ்சம் நிம்மதியாகவும் இருக்கிறது.

நான் உடுமலைப்பேட்டையில் பத்தாவது வரை படித்தவள். இவர் பாலிடெக்னிக் முடித்து, கோயமுத்தூரில் மோட்டார் பம்பு செய்கிற இடத்தில் அளவு சரிபார்க்கிற வேலையில் இருந்தார். இரண்டாயிரத்து ஒன்றில் டெக்சாஸ் வந்தோம். இங்கே பிளானோவில் ஒரு மெஷின் ஷாப்பில் அதே வேலை. வீடு ஃபிரிஸ்கோவில், நாங்கள் குடிவந்ததற்கு முந்தின வருஷம் வரை சோளக்காடாக இருந்த இடத்தில் எழுந்த புது வீடுகளில் ஒன்று. எங்கள் தெருவில் இருக்கிற தமிழர்கள் எல்லாரும் கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள். பிறந்தநாள் விருந்துகளில் நான் சுவரோரமாக நின்று காகிதத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருப்பேன். வெள்ளைக்காரர்கள் யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், பதிலை மனசுக்குள் கோத்து முடிப்பதற்குள் கேட்டவர் காரை எடுத்துக்கொண்டு போயிருப்பார். ஏழு வருஷம் இப்படித்தான் போனது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. மூன்று வீடு தள்ளி இருக்கும் ரம்யா தன் மகள் தியாவை ஆறு மாதக் குழந்தையாக என்னிடம் விட்டாள். காலை எட்டு மணிக்கு விட்டுவிட்டு பிளானோவில் லெகசி என்கிற பகுதியில் இருக்கிற ஆபீசுக்குப் போனால் சாயங்காலம்தான் வருவாள். தியாவுக்கு ஸ்பூன் ஆகாது. ஸ்பூனைப் பார்த்தாலே உதட்டை இறுக்கிக்கொள்வாள். பருப்புச் சாதத்தைக் கையால் மசித்து உருட்டி நீட்டினால் குருவிக்குஞ்சு மாதிரி வாயைத் திறப்பாள். ரம்யா ஊட்டினாலும் அப்படித் திறக்கமாட்டாள். என் கைக்குத்தான். ரம்யா அதைச் சிரித்துக்கொண்டே எல்லாரிடமும் சொல்வாள். எனக்கு அதைவிடப் பெரிய பட்டம் எதுவும் இந்த நாட்டில் கிடைத்ததில்லை.

ஊரில் நான் பார்த்த ஒரே துப்பாக்கி பேங்கு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த காவல்காரருடையது. அதன் கட்டையில் கயிறு கட்டியிருக்கும். அது வெடிக்கும் என்று நாங்கள் யாரும் நம்பியதில்லை. இங்கே குழந்தைத் துணி வாங்கப் போன கடையில், நாய்த் தீனிக்கு அடுத்த வரிசையில், கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருந்தார்கள். கிரீன் கார்டு வந்த வருஷம் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் பின்கதவை உடைத்துத் திருடினார்கள். அந்த வாரமே இவர் ஒரு கைத்துப்பாக்கி வாங்கினார். கூட வேலை செய்கிற கிளென் என்பவர்தான் கடைக்கு அழைத்துப் போனது, சுடக் கற்றுக்கொடுத்தது எல்லாம். கிளென் நல்ல மனுஷர். ஆனால் வாயில் புகையிலையை அடக்கிக்கொண்டு, கோலா குடித்த பாட்டிலிலேயே துப்புவார். அந்தப் பாட்டிலை எங்கள் சாப்பாட்டு மேஜையிலேயே வைப்பார். அவர் போன பிறகு அதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு போய்ப் போடுவது என் வேலை.

இரண்டாயிரத்து எட்டு கடைசியில் தேர்தல் முடிந்ததும் இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பயம் பிடித்தது. புது ஜனாதிபதி துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்துவிடுவார் என்று தோட்டாக்களைப் பெட்டி பெட்டியாக வாங்கி ஒளித்துவைத்தார்கள். கடை அலமாரிகள் காலி. அப்போதுதான் கிளென் தன் வீட்டில் சும்மா கிடந்த ஒரு பழைய கைப்பிரஸ்ஸை இவருக்குக் கொடுத்து, நாமே செய்துகொள்ளலாம் என்றார்.

தோட்டாவை வீட்டில் செய்வதா என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். சுட்டபிறகு துப்பாக்கி வெளியே துப்புகிற பித்தளைக் கூட்டை எடுத்துத்தான் மறுபடி நிரப்புகிறார்கள். அடியில் பொட்டு மாதிரி ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும், அதில்தான் முதல் பொறி. எரிந்துபோன பழைய பொட்டைத் தட்டி எடுத்துவிட்டுப் புதுசு வைக்க வேண்டும். பிறகு தட்டான் தராசு மாதிரி ஒன்றில் வெடிமருந்தை நிறுத்துப் போட வேண்டும். மேலே குண்டை வைத்துக் கைப்பிடியை இழுத்தால் இறுகிக்கொள்ளும். அடிபம்பில் தண்ணீர் அடிக்கிற மாதிரி இழுப்பார் இவர். அளவு பார்க்கிற மனுஷருக்கு அது சொர்க்கம். கராஜ் டிசம்பர் குளிரில் விறைத்ததால், துணி துவைக்கிற அறையில் பலகை போட்டு பிரஸ்ஸை அதில் திருகி முடுக்கினார். அந்த அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் கதவுகூடக் கிடையாது. தட்டி எடுத்த பொட்டுகள் தரையில் உருளும். கருப்புத் தூள் விழும். நான் பெருக்குவேன்.

சனிக்கிழமை சுடுகிற இடத்திலிருந்து ஐஸ்கிரீம் வாளி நிறையக் காலிக் கூடுகளை அள்ளிக்கொண்டு வருவார். அவருடையது மட்டும் இல்லை, யார் யாரோ சுட்டுப் போட்டது. முதல் வாளியை நான் தொட்டி மேல் கவிழ்த்தபோது கூடுகளோடு சிகரெட்டுத் துண்டு, மென்று துப்பிய சூயிங்கம், செத்த வெட்டுக்கிளி, யாருடைய புகையிலை எச்சிலோ பட்டு ஒன்றோடொன்று ஒட்டிப்போன நாலைந்து கூடுகள் எல்லாம் விழுந்தன. கரி, புளித்த வேர்வை, பழைய காசு, மூன்றும் சேர்ந்த ஒரு நாற்றம்.  கிளென் வீட்டில் இதைச் சுத்தம் பண்ண, அரைத்த சோளத்தக்கையைப் போட்டுக் குலுக்குகிற மெஷின் ஒன்று இருந்தது. இவருக்கு அதற்குச் செலவழிக்க மனசில்லை.

“சரசு, வெள்ளிக்கிழமை வெளக்குத் துலக்குறயில்ல, அதே புளியப் போட்டு இதையும் ஒரு தடவ பண்ணிப் பாரேன். இதும் பித்தளைதான?”

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அந்த வார்த்தை வருவதில்லை, எந்த பாஷையிலும். பழைய புளியை வெந்நீரில் ஊறவைத்து, கல்லுப்புப் போட்டு, அரிசி களைகிற அகலச் சட்டியில் கூடுகளைக் கொட்டி இரண்டு கையாலும் பிசைந்தேன். தண்ணீர் சாக்கடை நிறத்துக்குப் போனது. நாலு தண்ணீர் மாற்றினேன். ஐந்தாவது தண்ணீரில் கூடுகள் பளீரென்று வெளியே வந்தன. துண்டில் பரப்பி, ஓவனின் இளஞ்சூட்டில் உலர்த்தி எடுத்துவைத்தால், சுவாமி அலமாரியில் இருந்த குத்துவிளக்குக்கும் அவற்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

கிளென் வந்து பார்த்துத் தொப்பியைக் கழற்றிவிட்டார். மிஸ் சாரா, இந்த மாவட்டத்திலேயே உன் பித்தளைதான் அழகு என்றார். சரஸ்வதி அவர் வாயில் சாரா ஆகியிருந்தது. என்ன போட்டாய் என்று கேட்டார். டாமரிண்ட் என்று இவர் சொன்னார். அடுத்த வாரம் கிளென் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். மெக்சிகோக்காரர் கடையில் மிளகாய்த்தூள் தடவிய புளி மிட்டாய் இரண்டு பாக்கெட் வாங்கித் தன் குலுக்கு மெஷினில் போட்டிருக்கிறார். எல்லாம் பாகாகி இறுகி, மெஷின் நின்றுவிட்டது. நானும் இவரும் சிரிக்க, கிளெனும் சேர்ந்துகொண்ட அந்தச் சிரிப்பில் எனக்குக் கண்ணீர் வந்தது. ஒரு வெள்ளைக்காரரோடு சேர்ந்து நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு கிளெனுடைய கூடுகளும் வந்தன. அவருடைய சிநேகிதர்கள் இரண்டு பேருடையதும் வந்தன. அந்தச் சட்டியில் கை விடுகிற ஒவ்வொரு தடவையும் அருவருப்பாகத்தான் இருந்தது. நகக்கண்ணில் ஏறிய கறுப்பு இரண்டு நாளைக்குப் போகாது. ஆனால் வாசலில் வாளியைக் கொடுக்கும்போது அந்த ஆட்கள் மிஸ் சாரா என்று ராகம் போட்டு நன்றி சொல்வார்கள். அதற்காகச் செய்தேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இதை எழுதும்போது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை, ஆனாலும் எழுத வேண்டியது இதுதான்.

எங்கள் வீட்டில் எச்சில், பத்து எல்லாம் பார்ப்போம். தம்ளரை வாயில் வைத்துக் குடிக்கமாட்டோம். சோற்றுப் பானையைத் தொட்ட கையை அலம்பாமல் தயிரைத் தொடமாட்டேன். கூடுகளைக் கழுவி முடித்ததும் சாதாரண சோப்புப் போட்டுக் கையைக் கழுவுவேன், முகர்ந்து பார்ப்பேன், நாற்றம் இல்லை என்றால் சுத்தம். பிறகு தியாவுக்குச் சாதம் பிசைவேன். எனக்குத் தெரிந்த அழுக்கெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற அழுக்கு, மூக்குக்குத் தெரிகிற அழுக்கு. புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆகிவிட்டால் அது சுத்தம். இதைத்தான் நாற்பத்தாறு வருஷமாக நம்பினேன்.

தியாவுக்கு இரண்டு வயது முடிந்ததும் டாக்டர் வழக்கப்படி ரத்தம் எடுத்தார். நாலாவது நாள் ரம்யா ஆபீசிலிருந்து பாதியில் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“ஆன்ட்டி, டாக்டர் ஆபீஸ்ல இருந்து கால் பண்ணாங்க. தியாவுக்கு லெட் லெவல் ரொம்ப ஹையா இருக்காம். பிரெயின் டெவலப்மென்ட்ட அஃபெக்ட் பண்ணுமாம்.”

லெட் என்றால் என்ன என்று கேட்டேன். ஈயம் என்றாள். எனக்கு ஈயம் என்றதும் ரசம் வைக்கிற ஈயச் சொம்புதான் ஞாபகம் வந்தது. அன்று இவர் வந்ததும் சொன்னேன். முகம் மாறியதைப் பார்த்தேன்.  பிறகு, ஈயச் சொம்பில் ரசம் வைத்துக் குடித்து வளர்ந்தவர்கள்தானே நாம், நமக்கு என்ன ஆனது என்றார். சொம்பில் இருப்பது வெள்ளீயம், தோட்டாவிலும் அந்தப் பொட்டுக் கரியிலும் இருப்பது காரீயம், அது வேறு இது வேறு என்று உலோகத்தோடேயே வேலை செய்கிற இவருக்குத் தெரியாதா? தெரியும். எனக்குத்தான் பிறகு தெரிந்தது.

டாக்டர் கொடுத்த தாளில் இந்தியக் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை என்று இருந்ததாம். கண் மை, மஞ்சள் தூள், மசாலாப் பொடி, பித்தளைப் பாத்திரம். ரம்யா வீட்டில் இருந்த மை டப்பா, மாம்பலத்திலிருந்து அவள் அம்மா கிழங்கு வாங்கிக் காயவைத்து அரைத்து அனுப்பிய மஞ்சள், சாம்பார் பொடி எல்லாம் குப்பைக்குப் போயின. அவள் அம்மாவுக்குப் போன் போட்டு, உன் பொடியால்தான் என் குழந்தைக்கு இப்படி என்று கத்தியிருக்கிறாள். அந்த அம்மா அங்கே சாப்பிடாமல் அழுதுகொண்டு கிடக்கிறார்களாம். இதை ரம்யா என்னிடமே வந்து சொன்னாள். நான் அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். அந்தக் கையாலேயே கொடுத்தேன்.

ஒரு வாரத்தில், குழந்தை பகலில் இருக்கிற வீட்டையும் பார்க்க வேண்டும் என்று சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பெண்மணி வருவதாகத் தகவல் வந்தது. இவர் லீவு போட்டார். அவர்கள் வருகிற நாள் காலையில் பிரஸ், தராசு, வெடிமருந்து டப்பா, கூடுகள் எல்லாவற்றையும் காரின் டிக்கியில் வைத்துப் பூட்டினார். தரையைத் துடைத்தார், அவரே.  துடைத்து முடித்ததும் சொன்னார்.

“நீ ஒண்ணும் பேச வேண்டாம். நம்ம பேரு ஃபைல்ல ஏறுச்சுன்னா நாளைக்கு சிட்டிசன்ஷிப்புக்கு எழுதிப் போடறப்ப வெனையாப் போயிரும். வெளியாளுக கொழந்த. புரிஞ்சுதா?”

வெளியாட்கள் குழந்தை. அது உண்மைதான்.

அந்தப் பெண்மணி என் வயதுதான் இருப்பார். மரியாதையாகப் பேசினார். வாசலில் எங்களைப் பார்த்துத் தானும் செருப்பைக் கழற்றினார். ரம்யா தியாவை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தாள், எனக்கு மொழிபெயர்த்துச் சொல்ல. கேள்விகளை வரிசையாகப் படித்தார் அந்த அம்மா. இவரே பதில் சொன்னார். பழைய பெயின்ட் உண்டா, இல்லை. வீட்டு வைத்திய மருந்து உண்டா, இல்லை. மீன் பிடிக்கிற ஈயக் குண்டு, துப்பாக்கி, தோட்டா சம்பந்தப்பட்ட பொழுதுபோக்கு ஏதாவது உண்டா. இல்லை என்றார். பழைய பெயின்டுக்குச் சொன்ன அதே குரல்தான்.

பிறகு அந்த அம்மா சுவாமி அலமாரிப் பக்கம் போய் என் விளக்கைப் பார்த்தார். இந்தியாவிலிருந்து வந்ததா, எப்படிச் சுத்தம் செய்வாய், எத்தனை நாளைக்கு ஒரு தடவை என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். மஞ்சள் டப்பாவிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து பிளாஸ்டிக் பையில் போட்டார். விளக்கையும் சோதனைக்கு எடுத்துப்போகலாமா என்றார். ரம்யா விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப இதுதானா ஆன்ட்டி? எங்க அம்மா பொடி இல்லயா?”

அவள் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஊரிலிருந்து வந்த ஒன்று இல்லாவிட்டால் ஊரிலிருந்து வந்த இன்னொன்று. மஞ்சள் இல்லையென்றால் விளக்கு. எல்லாரும் அங்கேயே தேடிக்கொண்டிருந்தார்கள். தேடவேண்டிய ஆள் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

டிக்கியில் போகாத ஒரு வாளி இருந்தது. முந்தின நாள் நான் புளித்தண்ணீரில் ஊறவைத்து, தொட்டிக்கு அடியில் இருந்த கதவுக்குள் தள்ளிவைத்தது. இவருக்குத் தெரியாது. நான் போய் அதை எடுத்துவந்து மேஜை மேல் வைத்தேன். கறுப்புத் தண்ணீர் தளும்பி மரத்தில் ஓடியது. நான் ஆங்கிலத்திலேயே சொன்னேன்.

“ஐ வாஷ். திஸ் ஹேண்ட். பேபி ஈட் திஸ் ஹேண்ட்.”

அந்த அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. குழந்தை இதை விழுங்கிவிட்டதா என்று பதறிப்போய்த் தியாவின் வாயைப் பார்த்தார். ரம்யா திரும்பி அவருக்கு விளக்க ஆரம்பித்தாள். ஆன்ட்டி இதையெல்லாம் கையால் கழுவுகிறார், அப்புறம் அதே கையால் தியாவுக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.  தியாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தியா என்னைப் பார்த்துச் சிரித்தாள். இவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அந்த அம்மா திட்டவில்லை. விளக்கைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு, நீங்கள் இரண்டு பேரும் ரத்தம் கொடுத்துப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார். கொடுத்தோம். இவருக்குத் தியாவைவிட மிக அதிகம். எனக்கும் அதிகம். எங்கள் பெயர் ஏதாவது ஃபைலில் ஏறியதா இல்லையா என்பது இன்றுவரை தெரியாது. இவர் பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் அந்த ஆரஞ்சு சோப்பை வாங்கிவந்து தொட்டி பக்கத்தில் வைத்தார். பிரஸ்ஸைக் கிளெனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். கிளென் வாசல் வரை வந்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் என்னிடம் ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. இவரும் சொல்லவில்லை. அரிசிச் சட்டியை நான் குப்பையில் போட்டேன்.

ரம்யா சண்டை போடவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கு அவள் கார் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது. தியா டேகேருக்குப் போகிறாள். அளவு மாதா மாதம் குறைந்து வருகிறதாம். தெருவில் வேறொருத்தி சொல்லித்தான் தெரியும். அதைக் கேட்ட அன்று வீட்டுக்குள் போய் விளக்கு ஏற்றினேன். கையுறை போட்டுக்கொண்டு ஏற்றினேன். இப்போதெல்லாம் நான் ஸ்பூனில்தான் சாப்பிடுகிறேன். இந்த ஊருக்கு வந்த புதிதில், சோற்றை ஸ்பூனால் அள்ளிச் சாப்பிடுகிற நம்மவர்களைப் பார்த்து எனக்கு இளக்காரமாக இருக்கும்.

போன மாதம் கோயிலில் பார்த்தேன். பிரசாதம் கொடுக்கிற கூடத்தில் காகிதத் தட்டில் வெண்பொங்கல் வைத்துக்கொண்டு ஒரு மூலையில் நின்றிருந்தேன். யாரோ என் சேலையை இழுத்தார்கள். தியா. உயரமாகியிருந்தாள். தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தலையை அண்ணாந்து வாயைத் திறந்தாள். பின்னாலேயே ரம்யா ஓடிவந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள்.  தியா வாயை மூடவில்லை. நான் பிளாஸ்டிக் ஸ்பூனில் கொஞ்சம் பொங்கல் எடுத்து நீட்டினேன். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு, “நோ ஸ்பூன்” என்றாள்.

ரம்யா எங்கேயோ பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

“பரவால்ல ஆன்ட்டி. கையாலயே குடுங்க.”

ஸ்பூனைத் தட்டில் வைத்தேன். பொங்கல் சூடாக இருந்தது. ஒரு கவளம் எடுத்து விரல் நுனியில் உருட்டியும்விட்டேன். அதற்கு மேல் கை எழும்பவில்லை. தியா வாயைத் திறந்தபடியே காத்திருந்தாள். என் கைக்கும் அந்த வாய்க்கும் நடுவில் ஒரு சாண் தூரம்தான் இருந்தது. கடைசியில் அந்தக் கவளத்தை ரம்யாவின் கையில் வைத்தேன். அவள் ஊட்டினாள். தியா என்னைப் பார்த்துக்கொண்டே மென்றாள். நான் தட்டைப் போட்டுவிட்டுக் கை கழுவப் போனேன்.